ஆங்கிலக் கூட்டுவினைகளும் நம் பாடமுறையும்

ஆங்கிலம் கற்பதில் எது கடினம் என்று கேட்டால், ‘அருஞ்சொற்கள்தாம் கடினம்’ என்று நம்மவருள் பலர் விடை கூறுவர். இவ்விடை ஆராய்ந்து பார்க்கத் தக்கது. ‘போஸ்ட்போன்’ என்னும் சொல்லை அறியாத மாணவன் அகராதியைப் புரட்டுகிறான். ‘ஒத்திவை’ என்று பொருள் காண்கிறான். அத்துடன் அவன் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஆனால், ‘புட் ஆஃப்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் அவன் அகராதியைத் தொடுவதே இல்லை. ‘புட்’ என்றால் வை. ‘ஆஃப்’ என்றால் அணைந்த நிலை. இரண்டும் அவன் முதலாம் வகுப்பிலேயே கற்றவை. தெரிந்த இரு சொற்கள் கூடித் தெரியாத ஒரு பொருளைத் தரும் என்று அவனுக்கு எவரும் அறிவுறுத்தவில்லை. ஆகவே, தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாமல் அவன் அடுத்த வரிக்குப் போய்விடுகிறான்.

ஒரு வினைச்சொல்லும், ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’, ‘ஆன்’, ‘ஆஃப்’ போன்ற ஒரு சிறு துணைச்சொல்லும் கூடி ஒரே வினையாக நடப்பதை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரேசல் வெர்ப்’ என்பர். நாம் இங்குக் கூட்டுவினை என்று வழங்குவோம். இப்பெயரை 1925ஆம் ஆண்டில் தம் நூலொன்றில் எழுதிப் பரப்பியவர் லோகன் பியர்சல் சுமித். ஆக்சுபோர்டு அகராதியின் ஆசிரியருள் ஒருவரான என்றி பிராட்லி கூறிய பெயர் அது என்று அவரே குறிப்பிடுகிறார். பெயர் புதிதே ஆயினும் பொருள் மிகப் பழையது.

ஆங்கிலேயரின் அன்றாட வாழ்வு முழுவதும் இக்கூட்டுவினைகளால் ஓடுகிறது எனலாம். காலையில் படுக்கையை விட்டு எழுவது ‘கெட் அப்’. சட்டை அணிவது ‘புட் ஆன்’. வீட்டை விட்டுப் புறப்படுவது ‘செட் ஆஃப்’. பேருந்தில் ஏறுவது ‘கெட் ஆன்’. இறங்குவது ‘கெட் ஆஃப்’. படிவம் நிரப்புவது ‘ஃபில் இன்’. தொலைபேசியில் சற்றுப் பொறுக்கச் சொல்வது ‘ஹோல்ட் ஆன்’. கடனை அடைத்து முடிப்பது ‘பே ஆஃப்’. விண்ணப்பத்தை மறுப்பது ‘டர்ன் டவுன்’. ஆட்குறைப்புச் செய்வது ‘லே ஆஃப்’. இவற்றுள் எதுவும் புலவர்க்கு மட்டும் உரிய சொல் அன்று. கடைக்காரரும் மேற்பார்வையாளரும் மருத்துவமனைத் தாதியும் நாள்தோறும் வழங்கும் சொற்கள் இவை.

இவை தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் இத்தகைய துணைச்சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. ‘ஓவர்கம்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ என்பவை அம்முறையின் எச்சங்கள். பிற்காலத்தில் துணைச்சொல் வினைக்குப் பின்னே வந்து நிற்கத் தொடங்கியது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சுச் சொற்களும் இலத்தீன் சொற்களும் வீற்றிருந்தன. உழவனும் தச்சனும் தங்கள் பழைய குறுஞ்சொற்களையே கூட்டிப் புதுப்பொருள் ஆக்கிக்கொண்டனர். அதனால்தான் இன்றும் ஒரே செயலுக்கு இருவகைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்பது ஏட்டுச் சொல். ‘புட் அவுட்’ என்பது வீட்டுச் சொல். இரண்டும் தீயை அணைப்பதையே குறிக்கின்றன.

1755ஆம் ஆண்டில் புகழ்பெற்ற தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் சான்சன் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார். அயல்நாட்டார்க்குப் பெருந்தொல்லை தருபவை இக்கூட்டுகளே என்று தம் முன்னுரையில் கூறி, அவற்றைத் தனிக் கவனத்துடன் தொகுத்திருப்பதாக எழுதினார். அவர் கண்ட குறையை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் பாடமுறை உரியவாறு கண்டதாகத் தெரியவில்லை. இதுபற்றி நம்மிடையே வழங்கும் மூன்று கொள்கைகளை எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, பட்டியல் கொள்கை. தேர்வு வழிகாட்டி நூல்கள் பலவற்றுள் கூட்டுவினைகள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘கிவ் இன்’ என்றால் பணி. ‘கிவ் அவுட்’ என்றால் வழங்கு. மாணவன் இவற்றை வாய்பாடு போல உருப்போட வேண்டும். இம்முறையின் குற்றம் யாது? ஒரு கூட்டுக்கு ஒரே பொருள் என்னும் பொய்யான நம்பிக்கையை இது மாணவன் உள்ளத்தில் ஊன்றிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘த லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது என்று பொருள். ‘த அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் எச்சரிக்கை மணி ஒலித்தது என்று பொருள். வினை ஒன்றே, துணைச்சொல் ஒன்றே, ஆனால் பொருள் நேர்மாறு. ‘கோ ஆஃப்’ என்றால் அணைதல் என்று மட்டும் பட்டியலில் படித்தவன், மணி நின்றுவிட்டது என்றே கொள்வான். எரிவாயுக் கிடங்கிலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்யும் தொழிலாளி ஒருவனிடம் மேற்பார்வையாளர் இவ்வாக்கியத்தைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் வெளியே ஓட வேண்டிய நேரத்தில் உள்ளே போவான். சிறு சொல்லைத் தவறாகக் கொள்வதால் நேரக்கூடிய தீங்கு தேர்வில் இழக்கும் இரண்டு மதிப்பெண்ணோடு முடிவதில்லை என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, குறுக்கல் கொள்கை. இதற்குத் தலைவர் சி. கே. ஆக்டன் என்னும் கேம்பிரிட்சு அறிஞர். 850 சொற்களைக் கொண்டே ஆங்கிலத்தில் எதையும் கூறிவிடலாம் என்று கூறி, ‘பேசிக் இங்கிலீஷ்’ என்னும் திட்டத்தை 1930ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அந்த 850 சொற்களுள் வினைச்சொற்கள் பதினெட்டே. ‘கம்’, ‘கோ’, ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘டேக்’ முதலியன அவற்றுள் அடங்கும். 1943ஆம் ஆண்டில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில் இத்திட்டத்தைப் பாராட்டினார்.

பதினெட்டு வினைகளை மட்டும் கற்றால் போதும் என்பது கேட்பதற்கு இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால், கணக்கை ஆராய்ந்தால் உண்மை வெளிப்படும். ‘என்டர்’ என்னும் ஒரு சொல்லை நீக்கினால் அவ்விடத்தில் ‘கோ இன்’ வரவேண்டும். ‘அசெண்ட்’ என்பதை நீக்கினால் ‘கோ அப்’ வரவேண்டும். ‘அபாண்டன்’ என்பதை நீக்கினால் ‘கிவ் அப்’ வரவேண்டும். ‘கோ இன்’, ‘கோ அப்’ என்பவை பார்த்த அளவிலேயே விளங்கும். ‘கிவ் அப்’ அப்படி விளங்குமா? கொடுப்பதற்கும் மேலே என்பதற்கும் கைவிடுவதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் மாணவன் எவ்வாறு அறிவான்? அவன் அதை மற்றொரு தனிச்சொல்லாகவே கற்றாக வேண்டும். சொற்களை எண்ணும்போது இரண்டையும் முன்பே எண்ணிவிட்டதாகக் கூறிக் கூட்டை எண்ணாமல் விடுவது சிக்கனம் ஆகாது. கடன் புத்தகத்தின் ஒரு பக்கத்தை மறைத்துவைப்பது போன்றதே ஆகும்.

வங்காளத்தில் ஆங்கிலக் கல்வித் துறையில் பணியாற்றி அனுபவம் பெற்ற மைக்கேல் வெஸ்ட் என்பார், வேறு சிலருடன் சேர்ந்து 1934ஆம் ஆண்டில் இத்திட்டத்தைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். பின்னர், 1953ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2000 சொற்கள் அடங்கிய பொதுச் சொற்பட்டியல் ஒன்றையும் அளித்தார். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பொருளில் எவ்வளவு மிகுதியாக வழங்குகிறது என்பதை அப்பட்டியல் காட்டிற்று. சொல்லை மட்டும் எண்ணாமல் பொருளையும் எண்ணவேண்டும் என்னும் இக்கருத்தே நமக்கு ஏற்றது. அயல்மொழி மாணவருடன் பழகியவர்க்கும் மேசையில் அமர்ந்து திட்டம் தீட்டுபவர்க்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது.

மூன்றாவது, விலக்கல் கொள்கை. ‘கூட்டுவினைகள் கொச்சையானவை, கட்டுரையில் எழுதலாகாது’ என்று சில ஆசிரியர்கள் கூறுவர். ‘ஃபைண்ட் அவுட்’ என்று எழுதினால் சிவப்பு மையால் கோடிட்டு ‘டிஸ்கவர்’ என்று திருத்துவர். வாக்கியத்தின் இறுதியில் துணைச்சொல் நிற்பது பிழை என்றும் கூறுவர். இவ்விதிக்கு வேர் 17ஆம் நூற்றாண்டில் உள்ளது. பென் சான்சன் எழுதிய நாடகத்தில் முன்னிடைச்சொல் வாக்கிய இறுதியில் நிற்பதை 1672ஆம் ஆண்டில் கவிஞர் டிரைடன் குறை கூறினார். அவர் கூறியது ஒரு பெயரைத் தழுவவேண்டிய முன்னிடைச்சொல்லைப் பற்றியது. கூட்டுவினையின் துணைச்சொல் எப்பெயரையும் தழுவுவதில்லை. அது வினையின் ஓர் உறுப்பு. ‘த பிளேன் டுக் ஆஃப்’ என்னும் வாக்கியத்தில் ‘ஆஃப்’ இறுதியில் நிற்காமல் வேறு எங்கே நிற்கும்? விமானம் புறப்பட்டது என்பதை இதனினும் இயல்பாக ஆங்கிலேயர் கூறுவதில்லை.

எனினும், விலக்கல் கொள்கையை முற்றும் தள்ளிவிடவும் முடியாது. அதில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. விமானப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்கென வகுக்கப்பட்ட ‘எளிய தொழில்நுட்ப ஆங்கிலம்’ என்னும் விதித்தொகுப்பு கூட்டுவினைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அங்கே காரணம் சொல்லின் குலம் அன்று, அதன் இருபொருள். பல நாட்டுத் தொழிலாளர் படிக்கும் கையேட்டில் ஒரு சொல் ஒரு பொருளையே தரவேண்டும். ஆங்கிலேயர்க்கு எளிய சொல் எல்லார்க்கும் எளிய சொல் ஆகாது. ‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்னும் நெடுஞ்சொல், அகராதி வழியே ஆங்கிலம் கற்ற நம்மவர்க்கு, ‘புட் அவுட்’ என்பதைக் காட்டிலும் ஐயமின்றி விளங்கும். அறிவிப்புப் பலகை எழுதுவோரும் தொழிற்கூட ஆணை எழுதுவோரும் இதனை மனத்தில் இருத்தல் வேண்டும். எழுதுவோர் கூட்டுவினையைத் தவிர்ப்பது கேட்போர்க்கு உதவி. ஆனால், கற்போர் அதைத் தவிர்த்தால் காது அடைபட்டவர் ஆவர். ஏனெனில், உலகம் அவர்க்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இனி, நம் நாடுகளின் வழக்கை நோக்குவோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலத் துணைச்சொற்கள் தனி வாழ்வு பெற்றுள்ளன. ‘ஆஃப் த லைட்’ என்றும் ‘ஆன் த ஃபேன்’ என்றும் இங்குள்ளோர் பேசுவர். ‘ஸ்விட்ச்’ என்னும் வினை மறைந்து துணைச்சொல்லே வினையாகிவிட்டது. நம் தமிழ்ப் பேச்சிலும் ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்பது நிலைத்துவிட்டது. இதனால் ‘ஆஃப்’ என்றாலே அணைத்தல் என்னும் பொருள் நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. மேலே காட்டிய எச்சரிக்கை மணி வாக்கியம் நம்மவரைப் பிறரினும் எளிதில் ஏமாற்றக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

பள்ளிகளில் வழங்கும் மற்றொரு சொல்லும் கருதத் தக்கது. வீட்டுப் பாடத்தை ஆசிரியரிடம் ஒப்படைப்பதை இங்கு ‘பாஸ் அப்’ என்பர். பிற நாட்டு ஆங்கிலத்தில் அதற்கு வழங்குவது ‘ஹேண்ட் இன்’. அங்கே ‘பாஸ் அப்’ என்றால் வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுதல். இந்தியாவில் ‘பாஸ் அவுட்’ என்றால் படித்துத் தேறி வெளியேறுதல். பிரிட்டனில் படைப்பயிற்சி முடித்தவர்க்கு அச்சொல் உண்டு. மற்றபடி பொதுமக்கள் வாயில் அது மயங்கி விழுதலையே குறிக்கும். ‘நான் 1998இல் பல்கலைக்கழகத்தில் மயங்கி விழுந்தேன்’ என்று பொருள்படும்படி ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் எழுதினால், படிப்பவர் நகைப்பார். எழுதியவர் பிழை செய்ததாக அறியவும் மாட்டார்.

இத்தகைய வழக்குகளை எல்லாம் பிழை என்று ஒரே அடியாக ஒதுக்குதல் நன்றன்று. ஓர் ஊரார் அனைவரும் ஒன்றாக உணர்ந்து வழங்கும் சொல் அவ்வூரின் வழக்கே ஆகும். சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டில் ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ என்னும் கருத்தில் அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அவ்வியக்கத்தால் வீட்டுப் பேச்சு இழிந்தது என்னும் எண்ணம் மாணவர்க்கு உண்டாகுமானால் அது தீங்கே. ‘இச்சொல் இங்கு இப்பொருள் தரும், அங்கு அப்பொருள் தரும்’ என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதே அறிவுடைய முறை. தமிழகத்துத் தமிழும் யாழ்ப்பாணத்துத் தமிழும் வேறுபடுவதை அறிந்த நமக்கு இது புதிய பாடம் அன்று.

அவ்வாறாயின், கூட்டுவினைகளைக் கற்பிக்கும் நேரிய வழி யாது? அவ்வழிக்கு வேண்டிய விளக்கு நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. ‘எழுது’ என்னும் வினையைக் கொள்வோம். எழுதிவிடு, எழுதிவை, எழுதிப்பார், எழுதிக்கொள், எழுதிக்கொடு, எழுதித்தள்ளு என்று துணைவினை மாறும்தோறும் பொருளும் மாறுகிறது. ‘எழுதித்தள்ளினான்’ என்றால் எவரையும் அவன் கையால் தள்ளவில்லை. ‘எழுதிப்பார்’ என்பதில் கண்ணால் பார்த்தல் முதன்மை அன்று. தள்ளுதலும் பார்த்தலும் தம் பழம்பொருளை விட்டு, மிகுதியையும் முயற்சியையும் உணர்த்தும் குறிகள் ஆகிவிட்டன. ஆங்கிலத்தில் ‘அப்’ என்பதும் அவ்வாறே பல இடங்களில் மேல் என்னும் பொருளை விட்டு முற்றுப்பெறுதலை உணர்த்துகிறது. ‘ஈட்’ என்றால் தின்; ‘ஈட் அப்’ என்றால் தின்று தீர். ‘யூஸ்’ என்றால் பயன்படுத்து. ‘யூஸ் அப்’ என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. ‘ஆன்’ என்பது தொடர்ச்சியை உணர்த்தும்: ‘சிங் ஆன்’ என்றால் பாடிக்கொண்டே இரு.

இதனினும் நெருங்கிய ஒற்றுமையும் உண்டு. மேற்கொள், உட்கொள், வெளியிடு, கைவிடு என்பவற்றை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ‘டேக் அப்’ என்பதும் மேற்கொள் என்பதும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன! இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தவை அல்ல. இடத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு செயலின் தன்மையைக் குறிப்பது மாந்தர் மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இயல்பு. இவ்வியல்பைத் தமிழ் வழியே உணர்ந்த மாணவன், ஆங்கிலக் கூட்டுவினையைக் கண்டு மருளமாட்டான்.

ஆகவே, வினையை வைத்துப் பட்டியலிடுவதை விட்டுத் துணைச்சொல்லை வைத்துக் கற்பித்தல் வேண்டும். ‘ஆஃப்’ என்பதன் அடிப்படைப் பொருள் பிரிவு. சட்டையைக் கழற்றினால் அது உடலிலிருந்து பிரிகிறது. விமானம் புறப்பட்டால் அது தரையிலிருந்து பிரிகிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அந்நாள் வேலையிலிருந்து பிரிகிறது. இம்மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’, ‘ஆஃப்’ என்னும் இரு சொற்களே வருகின்றன. விளக்கு மின்சாரத்திலிருந்து பிரிந்தால் அணைகிறது. துப்பாக்கியின் விசை தன் தடையிலிருந்து பிரிந்தால் வெடிக்கிறது. எச்சரிக்கை மணியும் அவ்வாறே தடை நீங்கி ஒலிக்கிறது. இவ்வாறு நோக்கினால் முரண் போலத் தோன்றிய இரு பொருள்களும் ஒரே கிளையில் நிற்பதைக் காணலாம். எல்லாக் கூட்டுக்கும் இவ்விளக்கம் பொருந்திவிடாது. ‘டேக் ஆஃப்’ என்பது ஒருவரைப் போல நடித்துக் காட்டுதலையும் குறிக்கும். அதனைத் தனியே நினைவிற்கொள்ள வேண்டியதுதான். ஆயினும், நூற்றைந்நூறு கூட்டுகளைத் தனித்தனியே உருப்போடும் சுமை பெரிதும் குறையும்.

வாக்கிய அமைப்பையும் பாடத்தோடு இணைத்தல் வேண்டும். ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றும் ‘புட் த மீட்டிங் ஆஃப்’ என்றும் கூறலாம். கூட்டம் என்பதற்குப் பதில் ‘அது’ என்று சுட்டினால் ‘புட் இட் ஆஃப்’ என்பது ஒன்றே முறை. ஆனால், ‘லுக் ஆஃப்டர்’ என்பதில் அவ்வாறு பிரித்தல் இயலாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே கூறல் வேண்டும். பேச்சிலும் இவ்வேறுபாடு ஒலிக்கிறது. முன்னதில் ‘ஆஃப்’ அழுத்தம் பெறும். பின்னதில் ‘லுக்’ அழுத்தம் பெறும். தமிழில் செயப்படுபொருள் வினைக்கு முன்னரே வந்துவிடுவதால், ‘கூட்டத்தைத் தள்ளிவை’ என்பதிலும் ‘அதைத் தள்ளிவை’ என்பதிலும் நமக்கு ஒரே அமைப்புத்தான். வினையைப் பிளந்து நடுவே பெயரை வைப்பது நமக்குப் பழக்கமில்லாதது. ஆதலின், ஆங்கிலேயர் பேசும்போது துணைச்சொல் வரும்வரை பொருளை முடிவு கட்டாமல் காத்திருக்க நம் மாணவர் பழகவேண்டும். ‘ஹீ டர்ண்ட் த ஆஃபர்’ என்று கேட்ட அளவில் ஒன்றும் விளங்காது. ‘டவுன்’ என்னும் கடைசிச் சொல்லே அவர் மறுத்துவிட்டார் என்பதைச் சொல்கிறது.

மணி ஒலிக்கிறதா, நின்றதா, தம் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, கடன் தீர்ந்ததா, இன்னும் உள்ளதா என்பவற்றை எல்லாம் நம்மவர் பிறர் உதவியின்றித் தாமே அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஐந்தெழுத்துக்கும் குறைந்த சில சொற்களில் அவ்வறிவு அடங்கிக் கிடக்கிறது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மாணவனுக்குத்தான் பாடம் சொல்கின்றனர். ‘எழுதித்தள்ளு’ என்பதை விளக்கும் தமிழாசிரியர், ‘ஈட் அப்’ என்பதை விளக்கும் ஆங்கில ஆசிரியருடன் ஒரு நாள் அமர்ந்து உரையாடினால், வழிகாட்டி நூல்கள் பல செய்யாத தொண்டை அவ்வுரையாடல் செய்யும்.